அடக்கமான பவழமல்லி

எங்கள் குடியிருப்பில் மரம் ஆறடிக்கு மேல் வளரக் கூடாது. வளர்ந்தால் வெட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கச் செயலாளர் திருவேங்கடம் டேப்பும் கையுமாக வந்தார். மாடி வீட்டு ரெஜினா வேடிக்கை பார்க்க இறங்கி வந்தாள். துவைக்கிற கல் போக மிஞ்சிய இடத்தில் இருக்கும் என் பவழமல்லியைத்தான் அளக்கப்போகிறார். சன்னல் வழியே பார்க்க எனக்கு வேறொன்றும் கிடையாது.

"அளக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை," என்றேன். "நர்சரிக்காரர் அடக்கமான மரம்னு சொல்லித்தான் கொடுத்தார்."

"அவர் உயரத்தைச் சொல்லியிருப்பார் டீச்சர்," என்றாள் ரெஜினா.

"குணத்தைச் சொன்னார். பூத்ததையெல்லாம் சூடிக்கிட்டுப் பெருமையடிக்காது. நாம எழுந்திருக்கிறதுக்குள்ள அத்தனையையும் கீழே வச்சிடும்."

அது உண்மையென்பதால் செயலாளர் தலையாட்டினார். எனக்குத் தைரியம் வந்தது.

"ரெஜினா புடவை காயப்போட்டா, கிழிஞ்சிடப் போகுதுன்னு கிளையை இழுத்துக்கும். அவ பொண்ணு பரீட்சைக்குப் படிச்சப்போ, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மாடிக்கு வாசனையே அனுப்பலை."

"அப்ப எனக்கு ஜலதோஷம் டீச்சர்."

"உன்கிட்டேருந்து அதுக்கும் தொத்திக்கிச்சு. பாவம், இலையால மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தும்மிச்சு. போன புயல்ல காத்து தாங்காம என் சமையலறைக்குள்ள ஒதுங்கிச்சு. காபி கொடுத்தேன், வேண்டாம்னுடுச்சு."

"வேரோடயா வந்துச்சு?" என்றார் செயலாளர்.

"செருப்போட யாராவது சமையலறைக்குள்ள வருவாங்களா? வேரை வாசல்லயே விட்டுட்டுத்தான் வந்துச்சு."

ரெஜினா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செயலாளர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, டேப்பை நுனிக்கிளை வரை பிடித்தார்.

"ஒன்பதடி இருக்கு. வாட்ச்மேனை அரிவாள் கொண்டுவரச் சொல்லணும்."

"இருக்கும். நீங்க வந்திருக்கீங்க இல்ல, மரியாதைக்கு எழுந்து நிக்குது."

"அப்ப உட்காரச் சொல்லுங்க."

"சொல்லிப் பார்த்துட்டேன். பெரிய மனுஷர் எதிர்ல உட்காராது. நீங்க போனதும் உட்கார்ந்துடும்."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டி ரெஜினாவிடம் கொடுத்தார்.

"நான் போனப்புறம் நீங்க அளந்து சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதுதான் கணக்கு."

அவர் நாலு அடி நடப்பதற்குள், டேப்பைப் பிரிக்காமலே ரெஜினா குரல் கொடுத்தாள்.

"அஞ்சே முக்கால் சார்!"