கூழாற்று ஓடமும் ராயரைச் சுற்றிய கோடும்

வெகு காலத்துக்கு முன்னே, கூழாற்றங்கரை நாட்டைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்ட லட்சணத்தை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். முதலில் புது ஓடம் விடுவதாகச் சொல்லி வரி வாங்கினான். பட்டத்து யானைக்கு முகபடாம் வந்தது. அடுத்து, ஓடத்துக்கென்றே மறுபடியும் வரி. அரண்மனைக் குளத்தில் மயில்முகப் படகு மிதந்தது. மூன்றாவதாகவும் வரி; ஓடத்துறையில் ராஜாவின் சிலை நின்றது. ஆற்றில் மட்டும் அதே பழைய ஓட்டை ஓடம்.

நான்காம் தடவை ராஜா வரி கேட்கவில்லை, கடன் கேட்டான். குடிகள் பணம் தரவேண்டும், ராஜா கடனோலை தருவான், ஓடக்கூலி சேரச் சேர வட்டியோடு திருப்பித் தருவான். சம்மதமா இல்லையா என்று குடத்தில் ஓலை போடச் சொன்னான். குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் ‘வேண்டாம்’.

வேம்பாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். சந்தையில் கருவாடு விற்பவள். ஓடம் கேட்டுக் கேட்டே தொண்டை கம்மிப்போனவள். அவள் மகள் அக்கரையில் நிறைமாதக்காரி, மருத்துவச்சி இருப்பதோ இக்கரையில். மழை இறங்கினால் பழைய ஓடம் தாங்காது.

“ஓடம் வேண்டுமென்று கத்தினவளும் நீ, வேண்டாமென்று ஓலை போடச் சொன்னவளும் நீ. என்ன பெண்ணே இது?” என்றான் ராஜா.

“ஓடம் வேண்டும் மகாராஜா. இன்னொரு சிலைதான் வேண்டாம்.”

கருவூலத் தலைவர் ஏகாம்பரராயர் சீறினார். “ராஜா வாக்கையே நம்பாதவளிடம் என்ன பேச்சு?”

“வாக்கை நம்புகிறோம் சாமி. அது துறைக்கு வருகிற வழியில் உங்கள் கருவூலம் இருக்கிறதே, என்ன செய்ய?”

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்படியானால் நீயே குடிகளைச் சம்மதிக்க வை. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போ.”

இதையும் நான்தான் செய்ய வேண்டுமா என்று வேம்பாயிக்குச் சலிப்பாக இருந்தது. “நம் நாட்டு வழக்கம்தான் மகாராஜா. கடன்பட்டவனைச் சுற்றிக் கோடு கிழித்தால், கடன் தீராமல் அவன் தாண்டக்கூடாது. புது ஓடம் துறைக்கு வரும்வரை ஒருவர் பிணையாகக் கோட்டுக்குள் நிற்கட்டும். ராஜாவுக்கு ரொம்ப நம்பிக்கையானவராக வேண்டும். சேனாதிபதியே போதும்.”

ராயரின் முகம் கறுத்தது. “அவனுக்கு நான் என்ன குறைச்சல்? நானே நிற்கிறேன்.”

ராயரே பிணை என்று கேட்டதும் ஊர் நம்ப மறுத்தது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் குடம் நிறையச் ‘சம்மதம்’.

வேம்பாயி ராயரைத் துறைக்கு அழைத்துப்போனாள். ராஜாவும் பின்னால் வந்தான். ஓட்டை ஓடத்தின் நடுப்பலகையில் அவள் கரித்துண்டால் வட்டம் கிழித்தாள்.

“இங்கேயா?” என்றார் ராயர்.

“சபை நிழலில் நின்றால் ஓடம் மறந்துபோகும் சாமி. எங்களோடு போய்வந்துகொண்டே இருங்கள்.”

“மகாராஜா, இது மூழ்கிவிடும்.”

“அதைத்தானே இவள் இத்தனை வருஷமாகச் சொல்கிறாள்?” என்றான் ராஜா. சொன்ன பிறகு தன் சிலையைப் பார்க்க அவனுக்கே கூச்சமாக இருந்தது. “கடன் பணப்பெட்டியின் சாவியை இந்த அம்மாளிடம் கொடும். தச்சர்கள் இன்றைக்கே வரட்டும்.”

ராயர் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். “சாட்சிகள் முன் பெயர் வாசிக்காமல் பிணை செல்லாது.”

ராஜா முரசறைபவனைப் பார்த்துத் தலையசைத்தான். இரண்டு கரையிலும் சனம் நின்றது. ஓடத்தில் ஏறி வட்டத்துக்குள் நின்ற ராயரின் கணுக்காலைத் தண்ணீர் தொட்டது. முரசறைபவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்:

“புது ஓடம் வரும்வரை பிணை நிற்பவர், கருவூலத் தலைவர், ஏகாம்பரராயர்.”