ஏழாம் நம்பர் தட்டு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தேழு.

குரு மெஹருன்னிசா, கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. சீடர் குழந்தைவேல், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே அவரிடம் பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்பவர். வயதைப் பார்த்து குரு சீடரைச் ‘சார்’ என்பார். பதவியைப் பார்த்து சீடர் குருவை ‘மேடம்’ என்பார். இருவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

குழந்தைவேலின் ஆராய்ச்சி ஒரு பெட்டி. உள்ளே சிவப்பு லேசர் எரியும். அதன் குறுக்கே ஓர் இழையை வைத்தால், ஒளி அதில் பட்டுச் சிதறி எதிர்ப்பக்கம் வரிவரியாக விழும். இழை மெலிதானால் வரிகள் விலகும், தடித்தால் நெருங்கும். வரிகளைக் கேமரா படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் பார்த்து பஞ்சு, பிளாஸ்டிக், முடி என்று ஏதாவது ஒன்றைத் திரையில் எழுதும். இதற்காக நாற்பதாயிரம் படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருந்தார். பெற்ற மகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்ததுகூட அவர் மனைவிதான். பெட்டிக்கு எல்லாம் அவரே.

பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில். பஞ்சில் சாக்கு நூலோ தலைமுடியோ கலந்துவிட்டால் சாயம் ஏற்றிய துணியில் கோடு விழும், வாங்கியவன் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் பெட்டியை இரண்டு மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். பஞ்சு சீவும் இயந்திரங்களில் நிற்கும் பெண்களுக்கு, நம்பர் போட்டு ஆளுக்கொரு கண்ணாடித் தட்டு கொடுத்தார்கள். அவரவர் தட்டில் ஒரு சிட்டிகை பஞ்சு வைத்து அனுப்ப வேண்டும். சோதனை அறையில் இருக்கும் பெட்டி பார்த்துச் சொல்லும். குழந்தைவேல் வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் படங்களை அள்ளிக்கொண்டு வருவார்.

ஒரு புதன்கிழமை காலை, கையில் ஒரு தாளோடு அவர் மெஹருன்னிசாவின் அறைக்கு வந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

“ஒரு கையெழுத்து வேணுமுங்க மேடம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மில்லுல கேக்கறாங்க.”

“என்ன இது?”

“நம்ம பெட்டி சொல்றது சரின்னு ஒரு சான்றுங்க. ஏழாம் நம்பர் தட்டுல ரெண்டு வாரமா அடிக்கடி முடி வருது. தங்கநாயகின்னு ஒருத்தருங்க. தொப்பியை ஒழுங்காப் போடறதில்லையாட்ட இருக்குதுன்னு மேனேஜர் சொல்றாரு. ரெண்டு நாளா வேலைக்கு விடலீங்க. இந்தத் தாள் போய்ச் சேந்துச்சுன்னா இன்னைக்கே நின்னுக்கச் சொல்லிருவாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் அவங்க மத்த மில்லுகளுக்கும் பெட்டி வாங்கிக்கறாங்களாமுங்க.”

மெஹருன்னிசா தாளை இரண்டு முறை படித்தார். குழந்தைவேல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பு இந்த வருடத்தோடு தீர்கிறது. மில்லில் பெட்டி ஓடியது என்ற ஓர் அத்தியாயம் சேர்ந்துவிட்டால் ஆய்வேடு கட்டிவிடலாம். சேராவிட்டால் இத்தனை வருட உழைப்பும் ஆற்றோடு போனதுதான்.

“அந்த முடியை யாரு பார்த்தாங்க சார்?”

“படம் இருக்குதுங்க.”

“முடியைக் கேட்டேன்.”

“பஞ்சை அப்பவே கழிவுல போட்டர்றாங்க. உக்காந்து தேடறதுக்கு யாருக்குங்க நேரம்? அதுக்குத்தானுங்க பெட்டி.”

“அந்தம்மாவை?”

“நான் பாத்ததில்லீங்க.” குழந்தைவேலுக்குச் சற்று எரிச்சல் வந்தது. “நாப்பதாயிரம் படம் பாத்துப் பழகுன பெட்டிங்க மேடம். அது எப்படிங்க தப்பாச் சொல்லும்?”

மெஹருன்னிசா தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்து பக்கத்து ஆய்வகத்துக்குப் போனார். குழந்தைவேல் பின்னாலேயே போனார். அங்கே பெட்டியின் ஜோடி ஒன்று இருந்தது. முதலில் செய்தது அதுதான்.

“ஒரு முடி வேணும்” என்றார் மெஹருன்னிசா.

குருவின் தலையில் முக்காடு. சீடரின் தலையில் வழுக்கை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காதுக்குப் பின்னால் மிச்சமிருந்ததில் ஒன்றைக் குழந்தைவேல் பிடுங்கிக் கொடுத்தார். பெட்டிக்குள் வைத்ததும் திரையில் வரிகள் விழுந்தன. கீழே எழுத்து வந்தது: முடி, 98 சதவீதம்.

“பாத்தீங்களா மேடம்?”

“பார்த்தேன். இப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பித் திரையை மட்டும் பாருங்க. பெட்டியைப் பார்க்காதீங்க.”

குழந்தைவேல் திரும்பி உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மெழுகுவர்த்தி வாசனை வந்தது. பிளேடு கண்ணாடியில் கிறீச்சிட்டது. மெஹருன்னிசா எதையோ வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் கீறினார். பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது குழந்தைவேலுக்கு.

“இப்ப பாருங்க. என்ன தெரியுது?”

வரிகள் விழுந்திருந்தன. அதே இடைவெளி, அதே சரிவு. கம்ப்யூட்டர் சொல்லும் முன்னாலேயே குழந்தைவேல் சொன்னார்.

“முடிங்க.”

“தடிமன்?”

“எழுபது மைக்ரான் இருக்குமுங்க. என்னுதேதான்.”

கம்ப்யூட்டரும் ஒத்துக்கொண்டது: முடி, 97 சதவீதம்.

மெஹருன்னிசா பெட்டியிலிருந்து எடுத்ததை அவர் கையில் கொடுத்தார். மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவைத்த கண்ணாடித் துண்டு. நடுவில் பிளேடால் இழுத்த மெல்லிய கோடு. குழந்தைவேல் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கோட்டின் வழியாக வெளிச்சம் வந்தது. முடி இல்லை. முடி அகலத்துக்கு ஒரு சந்து மட்டும் இருந்தது.

முடி ஒளியை மறித்தாலும், முடியளவு சந்து ஒளியை விட்டாலும், எதிரே விழும் வரிகள் ஒன்றுதான். இதைக் குழந்தைவேல் பல வருடங்களாக இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்திவருகிறார். இரண்டு மார்க் கேள்வி. எழுதாமல் விட்டவர்களை எழுப்பி நிறுத்தி, மண்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டவர். அவருக்குக் காது மடல்கள் சுட்டன. வெட்கமாக இருந்தது.

“அப்ப ஏழாம் நம்பர் தட்டுல இருக்கறது முடி இல்லீங்களா மேடம்?”

“எனக்குத் தெரியாது.”

“தட்டுல கீறலுங்களா?”

“எனக்குத் தெரியாது சார்.”

மணி அடித்தது. மெஹருன்னிசா தாளைக் கையெழுத்துப் போடாமல் அவரிடமே கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

மத்தியான பஸ்ஸில் குழந்தைவேலுக்கு உட்கார இடம் கிடைத்தும் நிம்மதி இல்லை. குருவின் மேல் கோபம் வந்தது. தெரியாது என்று சொல்ல ஒரு பேராசிரியை எதற்கு? சூலூர் தாண்டும்போது அந்தக் கோபம் தன் மேலேயே திரும்பியது. மில் வாசலில் இறங்கும்போது பயம்தான் மிஞ்சியிருந்தது.

கேட்டை ஒட்டிய செக்யூரிட்டி அறை பெஞ்சில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுக் கூடை.

“ஏழாம் நம்பருங்க சார்” என்றார் செக்யூரிட்டி. “ஆறு மணிக்கு வரச் சொன்னா ரெண்டு மணிக்கே வந்து உக்காந்திருக்குது.”

குழந்தைவேல் நேரே உள்ளே போகத்தான் வந்தார். ஆனாலும் நின்றார்.

“தங்கநாயகிங்களா?”

“ஆமாங்க.”

“நான் அந்தப் பெட்டி வெச்ச வாத்தியாருங்க. உங்ககிட்ட என்னன்னு சொன்னாங்க?”

“பஞ்சுல கலப்படம் வருதுன்னாங்க சார். சாக்கு நூலா இருக்கும்னு நெனச்சனுங்க. ஆனா நான் கண்ணுல பட்டதைப் பொறுக்காம விடமாட்டனுங்க.”

“முடின்னு சொல்லலீங்களா?”

“முடியா? யாரோடதுங்க?”

“உங்களுதுன்னு…” என்று இழுத்தார் குழந்தைவேல்.

தங்கநாயகி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மொட்டை. விரலில் பிடிக்கச் சிக்காத அளவுக்கு, மூன்று வாரத்து முளை.

“மாமியாருக்குக் கண் ஆபரேசன் நல்லபடியா ஆச்சுங்க. பழனிக்கு நேந்துக்கிட்டிருந்தேன். போன மாசம் போயி எறக்கிட்டு வந்துட்டனுங்க.”

குழந்தைவேலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாற்பதாயிரம் படம் பார்த்த மனிதர், அந்த ஒரு தலையைப் பார்க்க முடியாமல் கேட்டைப் பார்த்தார்.

“மேனேஜருக்குத் தெரியாதுங்களா?”

“உள்ள போனா தொப்பியைக் கழட்டப்படாதுங்களே. கூட வேலை செய்யறவங்களுக்குத் தெரியும். கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க.” கூடையைக் கீழே வைத்தார். “என்னைய நிறுத்திப்போடுவாங்களா சார்?”

“இருங்க. இங்கயே இருங்க” என்றார் குழந்தைவேல். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

சோதனை அறையில் மேனேஜர் சந்திரமோகன் இருந்தார். “சான்று வந்துருச்சா சார்?” என்று கை நீட்டினார். குழந்தைவேல் ஏழாம் நம்பர் தட்டைத் தேடி எடுத்தார். நன்றாகத் துடைத்தார். விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. மணல் இழுத்ததோ, கீழே விழுந்ததோ. லேசர் அந்த இடத்தில் விழும்படி தட்டைப் பெட்டிக்குள் தள்ளினார்.

“பஞ்சு வைக்கலையே சார்?”

“வைக்கலீங்க.”

திரையில் வந்தது: முடி, 96 சதவீதம்.

சந்திரமோகன் திரையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். “அப்ப இத்தனை நாளா இது பொய்யா சொல்லிச்சு?”

“பெட்டி படத்தைப் பாத்து ஒரு பேரு சொல்லுச்சுங்க. அது உண்மைன்னு உங்ககிட்டச் சொன்னது நானுங்க. தப்பு என்னுது.” தட்டை வெளியே எடுத்தார். “ஒருக்கா கேட் வரைக்கும் வாங்க. அந்தம்மா தலையைப் பாருங்க.”

“தலையை எதுக்கு?”

“வாங்க சொல்றேன்.”

சந்திரமோகன் போனார். பார்த்தார். தங்கநாயகியைக் கூடையோடு உள்ளே போகச் சொல்லிவிட்டு, அறைக்குத் திரும்பிவந்தார்.

“பெட்டியை இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க சார்.”

மறுநாள் காலை குழந்தைவேல் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மெஹருன்னிசாவின் மேஜையில் வைத்தார். மெஹருன்னிசா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“தட்டுல கீறலுங்க மேடம்.”

“ம்.”

“தங்கநாயகி மொட்டைங்க. மூணு வாரமா மொட்டை. இல்லாத முடிக்கு அந்தம்மாவை வாசல்ல உக்கார வெச்சிருந்தோமுங்க.”

மெஹருன்னிசா பேனாவை மூடினார். சிரிக்கவில்லை. “வேலை?”

“போயிட்டாங்க. நேத்து ரெண்டாவது ஷிப்டுக்கே போயிட்டாங்க. அத்தியாயம்தான் போச்சு.”

“உட்காருங்க சார்.”

குழந்தைவேல் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டார்.

“கீறல் தட்டு, எண்ணெய் பட்ட தட்டு, காலித் தட்டு, எல்லாத்தையும் படமெடுத்து இன்னும் பத்தாயிரம் காட்டறனுங்க. அதுக்கப்புறமும் பெட்டிக்குத் தெரியாம போறது ஏதாச்சும் இருக்குமுங்களா மேடம்?”

“மில்லுல இது எங்க இருந்துச்சு?”

“சோதனை ரூமுல இருந்துச்சுங்க.”

“தங்கநாயகி நின்னு வேலை பார்க்கறது?”

“அதை ஒட்டின ஹாலுங்க. நடுவுல ஒரே ஒரு கதவுதான். பத்து அடி நடந்தாப் போதுமுங்க.”

மெஹருன்னிசா பெட்டியை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தையும் லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

“பெட்டிக்குக் கால் இல்லை சார்” என்றார்.