புகையான் விழுந்த வயல்

பவுனாம்பாளிடம் இயற்கை விவசாயம் கற்றுக்கொண்ட பதினோரு குடும்பத்தாரில் மூத்தவர் மாசிலாமணி. அவருக்கு அறுபது வயது. அவளுக்கு நாற்பதுதான். ஆனாலும் அவளை ‘அம்மா’ என்றே அழைப்பார். மற்ற பத்துக் குடும்பங்களும் அவர் பேச்சை நம்பித்தான் அந்த வருஷம் பூச்சிமருந்தை விட்டிருந்தன.

நெற்கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், தண்டின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி விழுந்தது. பக்கத்து வயல் ஞானவரதனுடையது. அவர் இரண்டு முறை மருந்து அடித்தார். அப்படியும் வயல் முழுக்கத் தீய்ந்துபோனது.

மறுநாள் காலை மாசிலாமணி வயலின் நடுவிலும் ஒரு வட்டம் காய்ந்திருந்தது.

முதுகில் ஸ்பிரேயரோடு ஓடிவந்தார். வரப்பில் பவுனாம்பாள் நின்றிருந்தாள்.

“தடுக்காதீங்கம்மா. இது பரவினா பதினோரு வீட்டுச் சோறும் போயிடும்.”

“தடுக்கலண்ணே. ஒரு நிமிஷம் உள்ள வாங்க.”

இருவரும் இறங்கினார்கள். அவள் குனிந்து ஒரு நெல் தூரை விலக்கினாள். அடித்தண்டு முழுக்கப் பூச்சி. தவிட்டைக் கொட்டினது போல அப்பிக் கிடந்தது. மாசிலாமணியும் குனிந்து பார்த்தார்.

“ஐயோ!”

“இன்னும் பாருங்க.”

ஒரு சிலந்தி பூச்சியைக் கவ்விக்கொண்டிருந்தது. கீழே இன்னொன்று, முட்டைப் பையைச் சுமந்தபடி.

“சிலந்தி எத்தனை இருக்கு, எண்ணுங்க” என்றாள்.

“மூணு… இல்ல, நாலு.”

அவரை ஞானவரதனின் வயலுக்குக் கூட்டிப்போனாள். “இங்க எண்ணுங்க.”

ஐந்தாறு தூர்களை விலக்கிப் பார்த்தார். புகையான் மட்டும் மொய்த்தது. ஒரு சிலந்திகூட இல்லை.

பிறகு ஸ்பிரேயரைக் கழற்றி வரப்பில் வைத்தார்.

“இப்ப என்ன செய்யறது?”

“தண்ணியை வடிச்சிடுவோம். எட்டடிக்கு ஒரு பட்டமா, நடுவுல வழி விட்டுப் பயிரை ஒதுக்கிவிடுவோம். அடியில வெயிலும் காத்தும் படட்டும்.”

பதினோரு வீட்டாரும் சேர்ந்து செய்தார்கள். இரண்டாம் நாள் வட்டம் ஒரு களத்தளவு ஆனது. மூன்றாம் நாள் இன்னும் பரவியது. அந்த வீடுகளில் ஒருத்தி மாசிலாமணியின் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அவர் மறுபடி வயலில் இறங்கினார்.

ஐந்தாம் நாள் வட்டம் நின்றது. ஆறாம் நாளும் அப்படியே நின்றது. கால் ஏக்கர் போயிருந்தது. மீதிக் கதிர்கள் தலை சாயத் தொடங்கின.

மாசிலாமணி கேட்டார்: “பயிர் பிழைக்கும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமாம்மா?”

“தெரியாது.”

“பயமா இல்லையா?”

“வட்டம் நிக்கிற வரைக்கும் சோறு இறங்கல.”

“அப்புறம் அன்னிக்கு எந்தத் தைரியத்துல மருந்து வேண்டாம்னு சொன்னீங்க?”

“நான் எங்கண்ணே வேண்டாம்னு சொன்னேன்?” என்றாள் பவுனாம்பாள். “அடிச்சா யார் யார் சாவாங்கன்னு காட்டினேன். அவ்வளவுதான்.”