தீவுக்குப் போன சிக்கனக் கீரி

பனங்காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளத்துக்குள் ஒரு தவளை, கரை வளையில் ஒரு கீரி, பக்கத்துப் புதரில் ஒரு முள்ளெலி. மூன்றும் உயிருக்கு உயிரான சிநேகிதம். மூன்றுக்கும் ஒரே ஆசைதான். கடலுக்கு நடுவில் இருக்கிற தீவை ஒருநாளாவது போய்ப் பார்த்துவிட வேண்டும்!

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு கடல் பறவை. வழி தவறிக் குளத்துக்கு வந்தது, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது. "அந்த மணலு இருக்கே, அரிசி மாவுதான்! அலை வந்து காலைத் தொட்டுத் தொட்டு ஓடும். காத்து தாலாட்டும். அங்கே யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது!"

அன்றிலிருந்து தவளைக்குக் கனவெல்லாம் தீவுதான். தாமரை இலையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடும். குளத்துத் தண்ணீர் லேசாக அசைந்தால் போதும், அது அலையாகிவிடும். பனையோலை சலசலத்தால் அது கடற்காற்று. "அண்ணே, இப்ப நான் தீவுல இருக்கேன். பேச்சுக் குடுக்காதே!" என்று முனகும்.

"கண்ணை மூடிட்டுப் போனா கூலி இல்லை, தங்கச்சி," என்றது கீரி. "நிசமாப் போகணும்னா ஆமைக்குக் கூலி குடுக்கணுமே!"

தீவுக்கு ஆள் ஏற்றிப் போவது ஒரு கடலாமை. அது காசு பணம் கேட்காது. அதன் முதுகில் கல்லாக ஒட்டிக் கிடக்கும் கொட்டலசு என்ற சிப்பிப் பூச்சிகளைச் சுரண்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் கூலி. சுமை ஏற ஏறச் சுரண்டும் வேலையும் ஏறும்.

கீரிக்குச் சிக்கனம் என்றால் அப்படி ஒரு பிரியம். "நகம் தேயுற வேலைப்பா அது. சுமையைக் குறைப்போம். கூலி தன்னால குறையும். மூட்டையைப் பிரிங்க!"

முள்ளெலி தன் மூட்டையைப் பிரித்தது. உள்ளே ஒரு சுரைக்குடுக்கை, வாய் வரைக்கும் குளத்துத் தண்ணீர்.

"இது என்னலே?"

"குடிக்கத் தண்ணி அண்ணே."

கீரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஏலேய், நாம எங்கே போறோம்? கடலுக்கு! சுத்தியும் தண்ணி. அங்கே குடுக்கையில தண்ணி கொண்டு போய் இறங்கினா மீனெல்லாம் சிரிக்கும்லே!"

தவளையும் சேர்ந்து சிரித்தது. "குளமே இம்புட்டுத் தண்ணி குடுக்குது. கடல் அதுக்குப் பெரியம்மா. அது குடுக்காதா?"

பாவம், பிறந்ததிலிருந்து அந்த ஒரு குளத்தைத் தவிர வேறு தண்ணீரை மூன்றும் நாக்கில் வைத்ததில்லை. தண்ணீர் என்றால் குடிக்கிறதுதான் என்று நினைத்திருந்தன.

"வழிக்காவது இருக்கட்டுமே அண்ணே," என்று முள்ளெலி இழுத்தது.

"வழி பூராவும் தண்ணிதான்!" குடுக்கையைக் கரையிலேயே கவிழ்த்துவிட்டது கீரி.

ஆனால் தன் மயிலிறகு விசிறியையும் ஓலைப்பாயையும் மட்டும் அது விடவில்லை. "போற இடத்துல நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?" என்றது.

விடிந்ததும் மூன்றும் கடற்கரையில் நின்றன. ஆமை முதுகைக் காட்டியது. கீரியும் முள்ளெலியும் கொஞ்சம் போலச் சுரண்டின.

"இவ்வளவுதானா சாமான்? வேற ஒண்ணும் எடுத்துக்கலையா?" என்று ஆமை கேட்டது.

"பேச்சுக்கும் சேர்த்துக் கூலி கேட்பீங்களோ அக்கா?" என்றது கீரி வெடுக்கென்று.

ஆமை வாயை மூடிக்கொண்டது. மூன்றும் ஏறின. ஈரத் தாமரை இலையைப் போர்த்திக்கொண்டு தவளை நடுவில் உட்கார்ந்தது. தண்ணீரா வானமா என்று தெரியாத நீலத்தில் ஆமை மெல்ல நீந்தியது. கீழே பாசிகள் தலையாட்டின. மீன்கள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு விலகின.  பேசினால் கலைந்துவிடும் போல இருந்தது.

"அந்தி சாயும்போது வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று இறக்கிவிட்டுப் போனது ஆமை.

பறவை சொன்னது பொய்யில்லை. மணல் அரிசி மாவுதான். தென்னைகள் சாய்ந்து சாய்ந்து கடலோடு ரகசியம் பேசின. கீரி பாயை விரித்துக் கால்மேல் கால் போட்டுப் படுத்தது. முள்ளெலி காலை நனைத்துக்கொண்டு அலைக்கு முன்னும் பின்னும் ஓடியது.

தவளைக்குப் பொறுக்குமா? "பெரியம்மா, வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே அலைக்குள் பாய்ந்தது.

பாய்ந்த வேகத்தில் வெளியே விழுந்தது. "ஐயோ, எரியுது! உடம்பெல்லாம் எரியுது அண்ணே!"

கீரி ஓடிவந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தது. தூ! உப்பு!

அப்போதுதான் மூன்றுக்கும் கவிழ்த்துவிட்டு வந்த குடுக்கை நினைவுக்கு வந்தது.

வெயில் ஏறியது. மாவு மணல் வறுத்த மணலானது. தாமரை இலை காய்ந்து சுருண்டது. தவளைக்குத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் உயிர் தங்காது. கீரி மயிலிறகு விசிறியால் வீசிப் பார்த்தது. அனல்தான் வந்தது.

"அண்ணே, நம்ம குளம் தெரியுது. தாமரை எல்லாம் பூத்திருக்கு," என்று தவளை கண்ணை மூடியபடி பிதற்றியது.

"தூங்கிடாதே தங்கச்சி! தம்பி, நீ இவளுக்கு நிழலா நில்லு!" என்று கத்திவிட்டுக் கீரி தீவு முழுக்க ஓடியது.

தாழம்புதர் ஓரத்தில் ஒரு நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் பொடிப்பொடியாக அதன் குஞ்சுகள்.

"நண்டண்ணே! நல்ல தண்ணி கிடைக்குமா? ஒரு உசிரு போகுது!"

"கிடைக்கும். இந்தப் புதரடியில ஊத்துத் தோண்டினா இனிக்க இனிக்க வரும். ஆனா மேலே பாரு, என் குஞ்சுகளைக் கொத்தப் பறவைங்க சுத்துது. நான் தோண்டுறேன். பதிலுக்கு அந்தி வரைக்கும் இந்த வெயில்ல நின்னு நீ காவல் காக்கணும்."

கீரிக்கு வழக்கம் விடவில்லை. "அந்தி வரைக்குமா? கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"குறைச்சுக்கலாமே! நானும் ஊத்தோட ஆழத்தைக் குறைச்சுக்கறேன். பாதி ஆழத்துல வெறும் மணல் வரும். பரவாயில்லையா?"

கீரி பேரத்தை அதோடு விட்டது. வெயிலில் போய் நின்று வானத்தைப் பார்த்தது.

நண்டு மடமடவென்று தோண்டியது. முதலில் காய்ந்த மணல், பிறகு குளிர்ந்த மணல். கடைசியில் கண்ணாடி போல ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. சொட்டு சேர்ந்து குட்டையானது. கீரி கூப்பிட்ட குரலுக்கு முள்ளெலி, முள் குத்தாமல் தவளையை வாயால் மெல்லக் கவ்வி வந்து அதில் விட்டது.

வெகுநேரம் தவளை அசையவில்லை. கீரிக்குத் திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். மேலே பறவைகள் வட்டமடித்தன. கீரி சீறித் துரத்திக்கொண்டே இருந்தது.

"க்ரோக்!" என்று ஒரு சத்தம். அதன் பிறகுதான் கீரிக்கு மூச்சு வந்தது.

பொழுது மஞ்சளாக இறங்கியது. ஊற்று நீரில் கழுத்தளவு மிதந்தபடி தவளை கடலைப் பார்த்தது. முள்ளெலி ஓலைப்பாயில் ஏறிப் படுத்துக்கொண்டது. அலை ஏதோ சொல்லச் சொல்ல, இரண்டுக்கும் கண் சொருகியது.

"அண்ணே, கடலுக்குள்ள சூரியன் கரையுது, பாரேன்!" என்று கூப்பிட்டது தவளை.

"அந்தப் பக்கம் திரும்பினா இந்தப் பக்கம் கொத்திடும். நீ பார்த்துச் சொல்லு தங்கச்சி!" என்றது கீரி, வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே.

அந்தியில் ஆமை வந்தது. தண்ணீர் நிரப்பிய ஒரு பெரிய சிப்பியில் தவளையை உட்கார்த்தி ஏற்றின. பாதிக் கடலில் ஆமை கேட்டது, "என்ன, தீவு எப்படி இருந்தது?"

"நெசமாவே கனவுதான் அக்கா!" என்றது தவளை.

"படுத்தேன், எழுந்திருக்க மனசே வரலை!" என்றது முள்ளெலி.

கீரி வலித்த கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டது. "என்னைக் கேட்காதீங்க அக்கா. நான் வானத்தைத்தான் பார்த்தேன். அதை நம்ம குளத்தங்கரையில படுத்தே பார்த்திருக்கலாம்!"

செலவைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் உயிருக்கு வேண்டியதைக் குறைத்து ஒப்பனைக்கு வேண்டியதைச் சுமக்கிறவர் மிச்சம் பிடித்ததற்கும் மேலே பல மடங்கு கொடுத்தே தீர வேண்டும்.