தணிகன் எடுத்த பிச்சை

தணிகன் பன்னிரண்டு வருஷம் காட்டில் துப்பாக்கி தூக்கியவன். அரசோடு சமாதானமாகி, படையைக் கட்சியாக்கி, தேர்தலிலும் நின்றான். போன வீடெல்லாம் "உங்களுக்குத்தான் ஓட்டு" என்றார்கள். பெட்டியைத் திறந்தால் டெபாசிட்டே போயிருந்தது.

அவனுடைய ஆட்கள் கொதித்தார்கள். புதைத்து வைத்த துப்பாக்கிகளைத் தோண்டலாமா என்று கேட்டார்கள். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, மடத்துக்கு வந்து குமுதவல்லி அம்மையார் முன்னால் உட்கார்ந்தான். வயதில் அவனைவிட இளையவர். ஆனாலும் அவனுக்குக் குரு அவர்தான்.

"ஏம்மா எல்லாரும் என்கிட்ட பொய் சொன்னாங்க?"

அம்மையார் ஒரு மண்சட்டியை நீட்டினார்.

"ஊருக்குள்ள போய்ப் பிச்சை எடுங்க. ஒரு வீட்டுலயாவது இல்லைன்னு சொல்லட்டும். அப்புறம் பேசுவோம்."

இதென்ன பிரமாதம் என்று கிளம்பினான். முதல் வீட்டில் அவன் வாயைத் திறக்கும் முன்பே சோறு விழுந்தது. அடுத்த வீட்டில் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துப் போட்டார்கள். அவன் பதறிப்போய்த் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பிள்ளையின் தாய் நடுங்கிக்கொண்டே, "கம்மியாப் போச்சுங்களா ஐயா?" என்றாள்.

"சட்டி நெறைஞ்சிடுச்சும்மா" என்று மடத்துக்குத் திரும்பி வந்து அம்மையாரிடம் சொன்னான்.

"நாளைக்கும் போங்க."

தினமும் போனான். மாதங்கள் ஓடின. சின்ன வயதில் இதே தெருப் பெண்கள் "போடா தடிப்பயலே" என்று அவனை விரட்டியிருக்கிறார்கள். அந்த வசவில் ஒன்று திரும்பக் கிடைக்காதா என்று ஏங்கினான்.

"இன்னும் எத்தனை நாள்ண்ணே?" என்று ஆட்கள் நச்சரித்தார்கள்.

"பொறுங்கடா."

ஒரு நாள் காலையில் செல்லாயி வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, சோறு."

நிமிர்ந்து பார்த்தாள். ஆளை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டு ஆடுகளை அவன் படைதான் ஒரு காலத்தில் ஓட்டிக்கொண்டு போனது.

"இப்பத்தான் உலையே வெச்சிருக்கேன். நித்தம் வந்து நின்னா நான் எங்க போவேன்? இன்னிக்கு இல்ல, போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

தணிகன் மடம்வரைக்கும் ஓடியே வந்தான். மூச்சு வாங்கியது. கண்ணெல்லாம் தண்ணீர்.

"அம்மா, இல்லைன்னு சொல்லிட்டாங்கம்மா!"

அம்மையார் காலிச் சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"இனிமே போய் ஓட்டுக் கேளுங்க."