முடியாத கொடி

"பின்னால போ! பின்னால போ!" என்று முயல் கத்தியது.

மான் தடுமாறிப் பின்வாங்கியது. அதன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் குளவிகள் திரண்டு நின்றன. கொதிக்கிற எண்ணெய் மாதிரி இரைந்தன.

"தினமும் இந்த வழியாத்தானே போறேன்! என்னைத் தெரியலையா?" என்றது மான்.

"உன் பொட்டில் வாசனை இல்லை. வாசனை இல்லாமல் வந்தால் கொட்டுவோம். எங்களுக்கு வேறு எதுவும் தெரியாது," என்றன குளவிகள்.

குளவிகள் காவல் காத்த பாறை இடுக்குக்கு அந்தப் பக்கம் குளம். அந்தக் கோடையில் காட்டில் மிச்சமிருந்த ஒரே குளம். மானின் குட்டி அங்கே இருந்தது. பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் அதைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு மான் மேயப் போயிருந்தது.

"அம்மா!" என்று குட்டி கூப்பிடுவது இந்தப் பக்கம் கேட்டது.

இடுக்குக்கு வெளியே ஒரு ஆலமரம். அதன் அடியில்தான் செதிலாண்டி என்கிற எறும்புத்தின்னி பச்சிலைச் சாந்தோடு உட்கார்ந்திருக்கும். நெற்றியில் அது ஒரு பொட்டு வைத்தால் வாசனை மூன்று நாள் நிற்கும். அப்புறம் புதுசாக வைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்த ஆள் என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

அன்றைக்கு முடியவில்லை. காலையில் இருந்து ஒரு நரி முன்னால் நின்றது.

புதியவர்களுக்கு ஒரு முறை இருந்தது. தன்னைத் தெரிந்த ஒருவர் கடித்துக் கொடுத்த இலையைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பல்தடம் செதிலாண்டிக்குத் தெரியாது என்றால், கடித்தவரைத் தெரிந்த இன்னொருவரின் இலை வேண்டும். அதுவும் தெரியாது என்றால் அடுத்தது. தெரிந்த பல்தடம் வரும்வரை பார்க்கும்.

நரி ஒரு கொடி நிறைய இலைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தது. ஆலமரத்தைச் சுற்றி அதை விரித்துப் போட்டிருந்தது. செதிலாண்டி மூக்கைத் தரையில் வைத்து ஒவ்வொரு இலையாக முகர்ந்துகொண்டே நகர்ந்தது.

"இது யார் பல்?"

"என் சித்தப்பா பல்லுங்க!"

"தெரியாது. அடுத்தது?"

"சித்தப்பாவோட மச்சினன்! நல்ல மனுஷன்!"

"தெரியாது. அடுத்தது?"

வரிசையில் நின்ற காட்டுக்கோழிக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நீ இலையைப் பார்த்து முடிக்கிறதுக்குள்ள நான் முட்டை போட்டுக் குஞ்சே பொரிச்சிடுவேன்!"

"அண்ணே, எனக்கு மட்டும் ஒரு பொட்டு வைங்கண்ணே! என் குட்டி உள்ளே தனியா இருக்கு," என்றது மான்.

செதிலாண்டி தலையைத் தூக்கவில்லை. "ஆரம்பிச்சதை முடிக்காம அடுத்தவரைப் பார்க்க மாட்டேன். முறைன்னா முறைதான். வரிசையில நில்லும்மா!"

மான் போய் நின்றது. வேறு என்ன செய்யும்?

வெயில் உச்சிக்கு ஏறியது. காற்றே இல்லை. ஆனாலும் எதிர்ப்பக்கத்துப் புல் அசைந்தது.

முயல்தான் முதலில் பார்த்தது. அதன் காது இரண்டும் விறைத்தன. "அந்தப் புல்லைப் பாரு," என்று மெல்லச் சொன்னது.

புல்லுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள். சிறுத்தை! அவசரமே இல்லாமல் படுத்திருந்தது. மற்ற நாட்களில் வந்தவர்கள் பொட்டு வைத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விடுவார்கள். அதற்கு யாரும் சிக்குவதில்லை. இன்றைக்கு எல்லோரும் வரிசையாக வெளியே நின்றார்கள்.

நரி புல்வெளிப் பக்கம் திரும்பி மெதுவாக வாலை ஆட்டியது. இரண்டும் கூட்டு என்று முயலுக்கு அப்போதுதான் புரிந்தது. மரத்தை ஒரு சுற்று ஓடிப் பார்த்தது.

"அண்ணே! கொடிக்கு முனையே இல்லைண்ணே! கடைசி இலையை முதல் இலையோட கட்டியிருக்கான்! நீங்க பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கிறீங்க!"

"சத்தம் போடாதே, தடம் குழம்புது," என்றது செதிலாண்டி. "இது யார் பல்?"

"என் சித்தப்பா பல்லுங்க!" என்றது நரி.

புல் பிளந்தது.

காட்டுக்கோழி கிளைக்குப் பறந்தது. முயல் வேர்ப்பொந்துக்குள் பாய்ந்தது. மானுக்குப் பொந்தும் இல்லை, சிறகும் இல்லை. பின்னால் சிறுத்தை, முன்னால் குளவிகள்.

"அம்மா!" என்றது குட்டி, உள்ளே இருந்து.

மான் கண்ணை இறுக மூடிக்கொண்டு இடுக்குக்குள் பாய்ந்தது.

குளவிகள் தங்கள் வேலையைச் செய்தன. சிறுத்தை அந்த இரைச்சலைக் கேட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பிறகு திரும்பி நரியைப் பார்த்தது. நரி தனக்கு வரவேண்டிய பங்கைக் கேட்கவில்லை. ஓடிவிட்டது. சிறுத்தையும் அதன் பின்னாலேயே போனது.

மான் குட்டியிடம் போய்ச் சேர்ந்தது. முகம் முழுக்க வீங்கிக் கண் தெரியவில்லை. குட்டியை முகர்ந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தது. பக்கத்தில் படுத்தது. குட்டி பால் குடித்தது. மான் மறுபடி எழுந்திருக்கவில்லை.

முயல் பொந்திலிருந்து வெளியே வந்து கொடியைக் கடித்துத் துண்டாக்கியது. அப்போதுதான் செதிலாண்டி தலையைத் தூக்கியது. வரிசையில் யாரும் இல்லை.

"எல்லாரும் எங்கே? நான் ஒரு இலைகூட விடாமத்தானே பார்த்தேன்? என் மேல என்ன தப்பு?" என்றது.

காட்டுக்கோழி கிளையில் இருந்து சொன்னது: "போன மழைக்காலத்துல ஒரு நண்டு பதிமூணு இலையோட வந்து எல்லாரையும் அரை நாள் நிக்க வெச்சதே, அன்னைக்கு வரிசையில நின்ன யானை உன்கிட்ட என்ன சொல்லுச்சு?"

செதிலாண்டி உடம்பைச் சுருட்டிக்கொண்டது.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் உழைக்கிறவனை ஒரே ஒரு அயோக்கியன் முடக்கிப் போட்டுவிடுவான், அடிபடுவது வரிசையில் நிற்கிறவர்கள்தான். அதனால்தான் 'ஏழு இலை பார், அதற்கு மேல் நீண்டால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடு' என்று யானை சொன்னது, செதிலாண்டியும் தலையை ஆட்டியது, ஆனால் செய்யவில்லை.