குளிக்கத் தெரியாத பூனைக்குட்டி

குரு உலகம்மையிடம் பிறவி எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டவர்கள் உண்டு. மனம் அடங்குமா என்று கேட்டவர்களும் உண்டு. பூனைக்குட்டி ஏன் தன்னை நக்கிக்கொள்வதில்லை என்று கேட்டவர் ஆவுடையப்பன் ஒருவர்தான்.

கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதனால் உலகம்மை சிரிக்கவில்லை. அடுக்களையில் பேச்சியம்மாள் மட்டும் சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள்.

ஆவுடையப்பன் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; வயதில் குருவைவிட மூத்தவர். ஒரு காலத்தில் அவர் ஓட்டலுக்குள் நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் எழுந்து நிற்பார். அதெல்லாம் அலுத்துப்போய், மலையடிவாரத்தில் இருந்த இந்த ஆசிரமத்துக்கு வந்திருந்தார்.

இங்கே ஒரு வழக்கம். புதிதாகச் சேருபவருக்கு மந்திரமும் கிடையாது, நூலும் கிடையாது. ஓர் உயிரைக் கொடுத்து வளர்க்கச் சொல்வார்கள். ஒருவருக்கு முருங்கைக் கன்று கிடைத்தது. இன்னொருவருக்கு நொண்டி ஆடு. ஆவுடையப்பனுக்கு, தாய் போன இடம் தெரியாமல் பால் பண்ணையில் கத்திக்கொண்டிருந்த ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி. வளர்க்க முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்தவர்கள் மறுநாளே தங்களையும் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது வழக்கமாகியிருந்தது.

"மருத்துவரிடம் காட்டினேன் அம்மா. எடை சரியாக இருக்கிறதாம். காய்ச்சல் இல்லை, உண்ணி இல்லை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்."

"நல்லது."

"ஆனால் நக்க மாட்டேன் என்கிறது. அழுக்கோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஓட்டம் இல்லை, பாய்ச்சல் இல்லை. எப்போது பார்த்தாலும் தூக்கம். எழுப்பினால் என்னை ஒரு பார்வை பார்க்கிறது, மறுபடி படுத்துவிடுகிறது."

"எழுப்புகிறீர்களா?"

"மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?"

பூனைக்குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் என்றும், விழித்த நேரத்தில் பாதியைத் தன்னை நக்கிக்கொள்வதில் செலவிடும் என்றும் புத்தகங்கள் சொல்கின்றன. ஆவுடையப்பன் அவற்றையெல்லாம் வாசித்திருந்தார். முதல் பாதியை அவர் நம்பவில்லை. இரண்டாம் பாதியை நம்பிக் கவலைப்பட்டார்.

"அழுக்கானால் என்ன செய்கிறீர்கள்?"

"துடைத்துவிடுகிறேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், மெல்லிய துணி. பால் குடித்ததும் ஒரு தடவை. மண்ணில் காலை வைத்தால் ஒரு தடவை."

"வைக்கப் போறப்பவே ஒரு தடவை," என்றாள் பேச்சியம்மாள் உள்ளிருந்து. "இப்படித் துவைச்சா நாளைக்கு அது கொடியிலதான் தொங்கும் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாயங்காலம் பால் வண்டி பண்ணைக்குத் திரும்பும் அம்மா. அதில் குட்டியை அனுப்பிவிடுங்கள். அங்கே வேறு பூனைகள் இருக்கின்றன, பார்த்தாவது கற்றுக்கொள்ளும். என்னிடம் இருந்தால் செத்துப்போகும்."

"நீங்கள்?"

"நானும் கிளம்புகிறேன். ஒரு குட்டியை வளர்க்கத் துப்பில்லாதவனுக்கு இங்கே என்ன வேலை?"

"வண்டி வர நேரம் இருக்கிறது," என்றார் உலகம்மை. "குட்டியைக் கொண்டுவாருங்கள். பேச்சி, அந்த வெண்ணெய்க் கிண்ணத்தைக் கொடு."

குட்டி வந்தது. குரு விரல் நுனியில் வெண்ணெய் எடுத்து அதன் முன்னங்காலில் தடவினார். ஆவுடையப்பனின் தோளிலிருந்த துணி தானாகவே கீழே இறங்கி அதைத் துடைத்தது.

குரு மறுபடி தடவினார். துணி மறுபடி துடைத்தது.

"எறும்பு வரும் அம்மா," என்றார் அவர், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"கையை நீட்டுங்கள்."

பிரசாதம் என்று நினைத்து, இடது கையை அடியில் கொடுத்து வலது கையைப் பணிவாக நீட்டினார். உலகம்மை இரண்டு கைகளையும் பிரித்து, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மிச்ச வெண்ணெயைத் தாராளமாகப் பூசினார்.

"கழுவக் கூடாது. எதையும் தொடக் கூடாது. உட்காருங்கள்."

ஊர் ஓட்டல்களையெல்லாம் நடுங்கவைத்த மனிதர் வெண்ணெய்க் கைகளை அந்தரத்தில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். குரு குட்டியின் காலிலும் நெஞ்சிலும் விரலில் ஒட்டியிருந்ததைத் தடவிவிட்டுத் தள்ளி அமர்ந்துகொண்டார்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"என் மகன்," என்றார் ஆவுடையப்பன். "எடுக்க முடியாதே."

"முடியாது."

"எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பான். நாற்பது வயதாகப் போகிறது. போன வாரம் கடையில் நின்றுகொண்டு எந்தக் குடை வாங்கட்டும் என்று கேட்டான்."

"சொன்னீர்களா?"

"நீளக் குடை. மடக்குக் குடையில் கம்பி சீக்கிரம் போய்விடும்."

போன் நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

குட்டி இதற்குள் ஆவுடையப்பன் எதிரே வந்து உட்கார்ந்திருந்தது. வெண்ணெய்க் காலைத் தூக்கி அவரிடம் நீட்டியது. நீட்டியபடி காத்திருந்தது. அவர் கை பாதி தூரம் போய்விட்டுத் திரும்பியது. குட்டி ஒரு முறை கத்தியது.

"அம்மா, என்னைக் கேட்கிறது."

"ஆமாம்."

"பாவமாக இருக்கிறது."

"ஆமாம்."

மறுபடி கத்தியது. துணி வரவில்லை. தூக்கிய காலை என்ன செய்வதென்று தெரியாமல் அதை முகர்ந்து பார்த்தது. நாக்கை நீட்டியது. நிறுத்தியது. பிறகு, இவ்வளவு நாளும் தனக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே என்பதுபோல விடாமல் நக்கத் தொடங்கியது. வெண்ணெய் தீர்ந்த பிறகும் நக்கியது. வெண்ணெயே இல்லாத மற்றக் காலையும் நக்கியது. நெஞ்சை எட்டிப் பிடிக்கப் போய்த் தலைகுப்புற விழுந்தது. விழுந்த கோபத்தில் தரையை அடித்தது, தன் வாலைக் கண்டு திடுக்கிட்டது, அதைத் துரத்திக்கொண்டு குருவின் மடிமேல் ஏறி இறங்கி, பேச்சியம்மாளின் முறத்துக்குள் போய் விழுந்தது.

"அடி சண்டாளி, அரிசி," என்றாள் பேச்சியம்மாள்.

கடைசியில் கூடத்தின் நடுவில், நடந்துகொண்டிருந்த இடத்திலேயே படுத்து உறங்கிவிட்டது.

ஆவுடையப்பனின் கை நீண்டது. உள்ளங்கையைப் பார்த்தார். இழுத்துக்கொண்டார். குட்டியின் வயிறு ஏறுவதையும் இறங்குவதையும் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பால் வண்டி ஒலியெழுப்பியது. பேச்சியம்மாள் கூடையோடு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, வண்டிக்காரன் நிக்கான். பூனை மட்டுமா, ஆளும் சேத்தா?"

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார். குரு வெண்ணெய்க் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் இல்லை," என்றார் ஆவுடையப்பன். "அவனைப் போகச் சொல்லு."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா கூடையைத் தேடியிருக்க மாட்டேன்லா," என்று முனகிக்கொண்டே அவள் போனாள்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. உருண்டு புரண்டதில் குட்டியின் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வெண்ணெய் ஏறியிருந்தது. ஆவுடையப்பன் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காததுபோல இருக்க முயன்றார். முடியவில்லை.

"அம்மா, காதுக்குப் பின்னால் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது."

"இருக்கிறது."

"அங்கே அதன் நாக்கு எட்டாது."

"எட்டாதுதான்," என்றார் உலகம்மை. "அதனிடம் சொல்லிவிடாதீர்கள்."